வலைச்சேவைகளின் ஒத்தியங்கு சோதனை: நான்கு வழிகளில் எங்களுக்கு எது?

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். சரக்கு லாரி கேட்டைத் தாண்டும் முன்பே, எந்தப் பெட்டியில் எந்தப் பாகம், எத்தனை என்ற விவரம் வாங்குபவரின் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கே சரக்கை இறக்க மாட்டார்கள். வாங்குபவரிடம் இருப்பது பழைய சோப் சேவை, அதாவது எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் வலைச்சேவை. தொழிற்சாலையில் ஓடுவது பிஎச்பியில் எழுதிய கணக்கு மென்பொருள். எடைமேடைக் கணினியில் பைத்தான். இவற்றுக்கு நடுவே நின்று சோப்பை ஜேசன் என்ற எளிய செய்தி வடிவமாகவும் ஜேசனை சோப்பாகவும் மாற்றிக் கொடுக்கும் திறமூல மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் ஜாவா, டாட்நெட், பைத்தான், பிஎச்பி, சி, கோ ஆகிய ஆறு மொழிகளின் லைப்ரரிகளோடும் (இத்தகைய செய்திகளை எழுதவும் படிக்கவும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) அது ஒழுங்காகப் பேசுகிறதா, அவை எங்கள் செய்தி வடிவத்தை வைத்துத் தமக்குள் பேசிக்கொள்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்; இதைத்தான் ஒத்தியங்கு சோதனை என்கிறோம். இதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் இழுபறி. ஒருவர், எல்லோரும் தத்தம் சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர், தரநிலைச் சோதனைக் கருவியை ஓட்டிச் சான்று பெற்றுவிடலாம் என்கிறார். இளைஞர்கள் எல்லாவற்றையும் கன்டெய்னரில் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு அடைத்துத் தனியாக ஓட்டும் முறை) போட்டு இரவோடு இரவாகத் தானாக ஓடவிடச் சொல்கிறார்கள். நான், முதலில் கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் நேரில் கூட வேண்டும், கன்டெய்னர் அதற்குப் பிறகு என்கிறேன். என் கட்சிக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், மற்ற மூன்றையும் அவற்றுக்கு உரிய நியாயத்தோடு பார்க்க முயல்கிறேன்.

வழியைப் பேசும் முன், எந்த மாதிரிப் பிழைகளைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உண்மையில் பாதி நேரம் இதற்கே போக வேண்டும்.

தேதியில் தொடங்குவோம். ‘ஜனவரி 15’ என்று வெறும் தேதியை அனுப்புகிறோம். வாங்கும் லைப்ரரி அதை இந்திய நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்ததும் அது ஜனவரி 14 மாலை 6.30 ஆகிவிடும். திரும்பப் படிப்பவர் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். இதில் யாரும் பிழைச் செய்தி காட்டுவதில்லை. விலைப்பட்டியல் தேதி மாதக் கடைசியில் இப்படி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பிள்ளையிடம் கேட்டால் சொல்வார்.

அடுத்தது எண்கள். சரக்கு அடுக்கும் பலகைகளில் ஒட்டும் அனுப்புகை அடையாள எண்ணுக்கு 18 இலக்கங்கள். அதை ஜேசனில் மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாக அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்டில் படிப்பவருக்குக் கடைசி இலக்கங்கள் மாறிப் போய்ச் சேர வாய்ப்புண்டு. அந்த மொழி முழு எண்களைப் பிசகின்றி வைத்துக்கொள்வது 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான். 9007199254740993 என்று அனுப்பினால் 9007199254740992 என்று படிக்கும். பைத்தானுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதனால் பைத்தான்காரர் தன் பக்கம் சரி என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

தமிழ் எழுத்துகளுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். ‘தர்மபுரி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோட் கணக்கில் எட்டுக் குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 24 பைட். செய்தியின் நீளத்தைப் பைட்டில் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்தை எண்ணிச் சொல்லும் சர்வர் ஒன்று இருந்தால், செய்தியின் வால் அறுந்துவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது ஒருபோதும் வெளிப்படாது. இதைவிட நுணுக்கமானது மொரப்பூர், பாலக்கோடு, போச்சம்பள்ளி போன்ற ஊர்ப் பெயர்கள். ‘மொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் பைட்டுகள் வேறு. செய்தியில் மின்கையொப்பம் இருந்து, நடுவில் நிற்கும் மென்பொருள் நல்லெண்ணத்தோடு ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றிவிட்டால் கையொப்பம் செல்லாததாகிவிடும். எக்ஸ்எம்எல் கையொப்பத்துக்கு முன் செய்தியைச் சீர்படுத்தும் தரநிலை இந்த வேறுபாட்டைத் தொடுவதில்லை. இந்தப் பிழையைச் சென்னையிலோ சியாட்டிலிலோ இருப்பவர்கள் நமக்காகத் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஊர்ப் பெயர் நம்முடையது, சோதனையும் நாம்தான் எழுத வேண்டும்.

மதிப்பில்லாப் புலங்கள் இன்னொரு வகை. ‘எடை பார்க்கவில்லை’, ‘எடை பூஜ்யம்’, ‘எடை என்ற புலமே அனுப்பப்படவில்லை’ ஆகிய மூன்றும் வேறு வேறு செய்திகள். சில லைப்ரரிகள் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. இதோடு சோப்புக்கே உரிய பழைய வழக்குகளும் உண்டு: பதிப்பு 1.1இல் செயலின் பெயர் மேற்கோள் குறிக்குள் தனித் தலைப்பு வரியாக வர வேண்டும்; 1.2இல் அந்தத் தலைப்பே போய்விட்டது, உள்ளடக்க வகையோடு சேர்ந்துவிட்டது.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

சர்வரைத் திறந்து வைக்கும் முறைக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. சோப் புதிதாக வந்த காலத்தில், 2001இல், சோப்பில்டர்ஸ் என்ற பெயரில் திரண்ட லைப்ரரி ஆசிரியர்கள் செய்தது இதைத்தான். அனுப்பிய சரத்தை அப்படியே திருப்பி அனுப்பு, அனுப்பிய எண்ணைத் திருப்பி அனுப்பு, தேதியை, அடுக்கை, கட்டமைப்பைத் திருப்பி அனுப்பு என்று எளிய செயல்களை வரையறுத்து, ஒவ்வொருவரும் ஒரு சர்வரை நிறுத்தினார்கள். மற்றவர்கள் தம் கிளையன்டால் (சர்வரிடம் கேட்கும் பக்கத்து நிரல்) தட்டிப் பார்த்து முடிவுகளை அட்டவணையாகப் போட்டார்கள். அந்தத் திருப்பியனுப்பும் செயல்களின் பட்டியல் இன்றும் நல்ல தொடக்கம். நாங்களும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் அவர்களின் முறை இங்கே எடுபடாது என்பது என் கணிப்பு. எங்களில் பலர் வீட்டு இணைப்பிலிருந்து வேலை செய்கிறவர்கள். பல இணைப்புகளில் வெளியிலிருந்து உள்ளே வர முகவரியே கிடையாது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் வாடகைச் சர்வர் எடுக்க வேண்டும். எடுத்தவர் மூன்றாவது மாதம் மறந்துவிடுவார். மறக்காதவர் சொல்லாமல் புதுப் பதிப்பு ஏற்றிவிடுவார். நேற்று பச்சையாக இருந்த கட்டம் இன்று சிவப்பாக இருக்கும், காரணம் தெரியாது. சோதனைச் சர்வர்தானே என்று எக்ஸ்எம்எல் வாசிப்பானின் பாதுகாப்பு அமைப்புகளை அசட்டையாக விட்டால், செய்தியில் குறித்த வெளிக் கோப்புகளை இழுத்துவரும் பழைய ஓட்டை வழியாக வேண்டாதவர்கள் நுழைவார்கள். எல்லாவற்றையும் விட, ஒன்று தோற்கும்போது மறுபக்கத்தின் லாக் (இயக்கப் பதிவு) நம் கையில் இருக்காது. ‘500’ என்ற பொதுவான சர்வர் பிழை எண் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தரநிலைச் சோதனைக் கருவிகள் அடுத்தது. இதன் ஆதரவாளர் எங்கள் குழுவில் மூத்தவர், அனுபவசாலி. அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. 2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்ற அமைப்பு உருவானதே வலைச்சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான். 2004இல் அது வெளியிட்ட அடிப்படை வரையறை, தரநிலையில் இரண்டு மூன்று விதமாகப் படிக்கக்கூடிய இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடைத்தது. சோப் செய்திகளை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ள வைத்த பழைய குறியீட்டு முறையை அது அறவே விலக்கியது. அந்த ஒரு முடிவாலேயே பல சண்டைகள் ஓய்ந்தன. செய்திகளை இடைமறித்துப் பதிவு செய்யும் கருவி ஒன்று, பதிவை விதிகளோடு ஒப்பிடும் கருவி ஒன்று என இரண்டையும் கொடுத்தது. 2010இல் அந்த அமைப்பு ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்போடு இணைந்துவிட்டது. இரு பக்கமும் இணைப்பைத் திறந்து வைத்துச் செய்தி பரிமாறும் வெப்சாக்கெட் நெறிமுறைக்கு ஆட்டோபான் என்ற திறமூலச் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. 500க்கு மேற்பட்ட சோதனைகள். அப்படி ஒன்று ஆயத்தமாக இருக்கும் இடத்தில் அதை ஓட்டாமல் விடுவது சோம்பேறித்தனம்.

சிக்கல் என்னவென்றால், இத்தகைய கருவி ஒரு பக்கத்தைத் தனியாக நிறுத்திப் பார்க்கிறது. பத்துப் பொருத்தமும் கூடி வந்த கல்யாணத்திலும் வீட்டுக்குள் சண்டை வரத்தான் செய்கிறது. வரைபடச் சேவைகளில் இதற்குக் கச்சிதமான உதாரணம் உண்டு. ஓஜிசி என்ற புவியிடத் தரநிலை அமைப்பின் வரைபடச் சேவைத் தரநிலை 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால். 1.3.0 பதிப்பில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் அட்சதீர்க்க ஆயமுறைக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. கிருஷ்ணகிரி சுமார் 12.5 பாகை வடக்கு, 78.2 பாகை கிழக்கு. பழைய பழக்கத்தில் எழுதிய கிளையன்ட், புதிய பதிப்புச் சர்வரிடம் 78.2, 12.5 என்று கேட்டால், சர்வர் விதிப்படி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரக் கடலை எடுத்துக் கொடுக்கும். சர்வர் தரநிலைச் சோதனையில் தேறியதுதான். பதிலும் ‘200, சரி’ என்றுதான் வரும். மாந்தோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்க்டிக் கடல். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடி, முடிவை ஒருவர் பார்க்க வேண்டும்.

எனவே இந்தக் கருவிகள் வாசற்படிக்குச் சரி. தேறாதவர் உள்ளே வர வேண்டாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பதில்லை. நுகர்வோர் எதிர்பார்ப்பை ஒப்பந்தமாக எழுதிச் சோதிக்கும் பேக்ட் போன்ற கருவிகளையும் ஒருவர் முன்வைத்தார். இரண்டு முனையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் அருமையானது. எங்களுக்கு அப்படி இல்லை.

கன்டெய்னர் வழிதான் என் வழிக்கு உண்மையான போட்டி. இதற்கு முன்மாதிரி குவிக் என்ற இணையப் போக்குவரத்து நெறிமுறையின் உலகத்திலிருந்து கிடைக்கிறது. மார்ட்டன் சீமன் உருவாக்கிய குவிக் இன்டெராப் ரன்னரில் ஒவ்வொரு லைப்ரரியும் தன்னை ஒரு டாக்கர் இமேஜாக, அதாவது கன்டெய்னராக ஓட்டக்கூடிய பொதியாகக் கொடுக்கிறது. ஓட்டும் நிரல் ஒவ்வொரு கிளையன்டையும் ஒவ்வொரு சர்வரோடும் சேர்த்து, போலியான வலையமைப்பில் ஓடவிட்டு, அட்டவணையை வெளியிடுகிறது. மனிதர் கை படுவதில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி: குறிப்பிட்ட சோதனையை ஆதரிக்காத லைப்ரரி, 127 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும். ‘தெரியாது’ என்பதும் ‘தெரியும், ஆனால் தப்பு’ என்பதும் இதனால் கலப்பதில்லை. நாங்கள் எந்த வழியைப் பிடித்தாலும் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை இந்த வழிக்குச் சாதகம். ஆறு லைப்ரரிகள் என்றால், யார் கிளையன்ட், யார் சர்வர் என்று திசை பார்த்தால் 30 இணைகள். 12 சோதனைகள் வைத்தால் 360 ஓட்டங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று கையால் செய்தால் 30 மணி நேரம். இயந்திரம் அதை ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிக்கும், நாளைக்கும் சலிக்காமல் செய்யும்.

இருந்தும் இதை முதலில் வைக்க எனக்குத் தயக்கம். காரணம், ஒரே கணினியில் ஓடும் கன்டெய்னர்கள் நிஜ உலகத்தின் கோணல்களைச் சத்தமில்லாமல் நிமிர்த்திவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம். பாதுகாப்புத் தலைப்பில் நேரமுத்திரை வைத்த சோப் செய்தி, இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் சில நிமிடங்கள் விலகியிருந்தால் நிராகரிக்கப்படும். கன்டெய்னரில் அந்த விலகலே கிடையாது. நேர மண்டலமும் அப்படித்தான். இமேஜ்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. மேலே சொன்ன ஐந்தரை மணிப் பிழை அங்கே தலைகாட்டாது. இந்திய நேரத்தை அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் அடிப்படையிலான சின்ன இமேஜ்களில் நேர மண்டலத் தரவுப் பொதி தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அமைப்பை ஏற்றுக்கொண்டது போலக் காட்டிவிட்டுப் பொது நேரத்திலேயே ஓடும். சோதனை பச்சை காட்டும், லாரி நிற்கும்.

இன்னொன்று, வாங்குபவரின் மூடிய சர்வரை யாரும் நமக்கு இமேஜாகத் தரப் போவதில்லை. பழைய டாட்நெட் பதிப்புகளுக்கு விண்டோஸ் கன்டெய்னர் வேண்டும், அது தனித் தலைவலி.

முக்கியமான காரணம் வேறு. இயந்திரம் ‘தோல்வி’ என்று சொல்லும். யார் படித்தது சரி என்று சொல்லாது. சோப் செய்தியின் முகவரித் தலைப்புகளுக்கான தரநிலையில் 2004இல் சமர்ப்பித்த வரைவுக்கு ஒரு பெயர்வெளி (குறிச்சொற்கள் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்), 2006இல் பரிந்துரையாக உறுதியான பதிப்புக்கு இன்னொரு பெயர்வெளி. ஒரு லைப்ரரி பழையதை வைத்துக்கொண்டிருக்கும், இன்னொன்று புதியதை. எழுத்தில் வாதிட்டால் இரு தரப்பும் தத்தம் ஆவணத்தைக் காட்டி வாரக்கணக்கில் இழுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால், ஒருவர் மற்றவர் திரையை எட்டிப் பார்த்த அடுத்த நிமிடமே விஷயம் புரிந்துவிடும், திருத்தமும் அங்கேயே எழுதப்படும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1996இல் எழுதிய நடைமுறை விதிகளில், ஒரு நெறிமுறை அடுத்த படிக்கு ஏற, தனித்தனியாக எழுதப்பட்டு ஒன்றோடொன்று இயங்கும் இரண்டு செயலாக்கங்களையாவது கேட்டது. அவர்களின் கூட்டங்களோடு சேர்ந்து இன்றும் நிரலாளர்கள் நேரில் உட்கார்ந்து இணைத்துப் பார்க்கிறார்கள்.

நேரில் கூடுவதன் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. செலவு உண்டு, விடுப்பு வேண்டும், கிடைத்த முடிவு அடுத்த பதிப்பு வந்ததுமே பழசாகிவிடும். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் கூடி, எதிர்பார்க்கும் விடை எது என்று ஒவ்வொரு சோதனைக்கும் ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டதை நிரலாக்கிக் கன்டெய்னருக்குள் போடுவோம். தலைகீழாகச் செய்தால், முதலில் இமேஜ் கட்டிய இருவரின் புரிதலே எல்லோருக்கும் விதியாகிவிடும். அதில் இயந்திர நேரத்தை உலகப் பொது நேரத்தில் ஒருமுறை, இந்திய நேரத்தில் ஒருமுறை, கடிகாரத்தைப் பத்து நிமிடம் நகர்த்தி ஒருமுறை என மூன்று விதமாக ஓட்ட வேண்டும் என்பதை இப்போதே நிபந்தனையாக வைக்கிறேன். கடிகாரத்தைப் பொய்யாக நகர்த்த திறமூலக் கருவிகள் இருக்கின்றன.

கூடும் நாட்களுக்குச் சோதனைகளை எட்டாகக் குறைக்கலாம். 240 ஓட்டங்கள், தலைக்கு ஐந்து நிமிடம், ஒரே நேரத்தில் மூன்று இணைகள் ஓடினால் ஆறு மணி நாற்பது நிமிடம். இரண்டு நாளில் மீதி நேரம் முழுவதும் சண்டைக்கும் திருத்தத்துக்கும். இந்த மீதி நேரத்துக்காகத்தான் கூடுவதே.

இடம் எது? பெங்களூர் நண்பர்களுக்கு ஓசூர் பக்கம். ஆனால் அங்கே வைத்தால் மாலையானதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தர்மபுரிக்கு ரயில் வசதி உண்டு, சென்னைக்காரர்களுக்குச் சுற்று. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, ஆனால் சென்னை, பெங்களூர், சேலம் மூன்று பக்கத்து நெடுஞ்சாலைகளும் அங்கே சந்திக்கின்றன. எந்த நேரத்திலும் பஸ் இருக்கும். பர்கூரிலும் தர்மபுரி செட்டிகரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் உள்ளன. விடுமுறையில் ஆய்வகம் கேட்டுப் பார்க்கலாம், மாணவர்களும் உடன் உட்காரட்டும். மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் வைத்தால் வெளியூர்க்காரர்கள் மறுப்புச் சொல்லாமல் வருவார்கள் என்பது என் சொந்த ஆசை, அதைத் தீர்மானமாக எழுத வேண்டாம்.

எங்கே வைத்தாலும் இணையத்தை நம்பக் கூடாது. ஒரு சுவிட்ச், கேபிள்கள், யூபிஎஸ், இமேஜ்களின் உள்ளூர்ப் பிரதி வேண்டும். சேவை விளக்கக் கோப்புகள் வெளியிலிருந்து இழுக்கும் ஸ்கீமாக்களையும் (செய்தியின் வடிவ விதிகள்) முன்கூட்டியே இறக்கி உள்ளூர் முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்கீமா வராமல் நின்ற ஓட்டத்தை லைப்ரரியின் தோல்வியாக எழுதிவிடுவது எளிது.

கடைசியாக, அட்டவணையை எப்படி வெளியிடுவது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. கட்டம் சிவப்பானால் அதை இணையின் தோல்வியாக மட்டுமே பதிய வேண்டும், கம்பியில் ஓடிய செய்திப் பதிவை இரு தரப்பும் படித்து ஒப்புக்கொண்ட பிறகே யார் பக்கம் என்று எழுத வேண்டும் என்கிறேன். எதிர்த்தரப்பு, அப்படியானால் பாதிக் கட்டங்கள் என்றைக்கும் ஒப்புக்கொள்ளப்படாமலே கிடக்கும் என்கிறது. ஒரு மாதக் கெடு வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் பதிவோடு சேர்த்து வெளியிடலாம் என்று இருவரும் இப்போதைக்கு இறங்கி வந்திருக்கிறோம்.